இன்னும் ஒரு இழுவை

என்ர அருமை அத்தானுக்கு,

களைச்சுப்போனன். முதல்ல அதைச் சொல்லிப்போட்டுத்தான் சுகம் விசாரிப்பன். நீங்கள் இருக்கிற இடத்தில முதுகு நோவு இல்லையெண்டு நினைக்கிறன். எனக்கு இருக்கு. உங்கட காரின்ர எஞ்சினுக்கு மேல குனிஞ்சு குனிஞ்சு வந்தது.

நீங்கள் போனாப் பிறகு அக்கா, கார் நிக்கிற பின்வளவுக் கொட்டில் பக்கம் வரவே இல்லை. "வித்துப்போடு தம்பி, அதைப் பாக்க ஏலாது" எண்டு ஒரே கதை. கொழும்பில ஒருத்தன் கேக்கிறான். அவனுக்கு வேண்டியது வெளிக்கூடு மட்டும். எஞ்சினைத் தூக்கி எறிஞ்சிடுவானாம். "ஆண்டுத் திவசம் வரைக்கும் பொறுங்கோ" எண்டு அக்காவிட்டக் கெஞ்சினனான். எஞ்சின் வேலை முடிஞ்சா முதல் ஓட்டம் அக்காவுக்கு எண்டு நீங்கள்தானே வாக்குக் குடுத்தனீங்கள்? அதை ஆர் காப்பாத்திறது?

கடைசியா நீங்கள் எஞ்சினைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணேக்க ரேடியேட்டர் தண்ணி கொதிச்சு நிண்டதெல்லே. காரணம் தேடி எஞ்சினின்ர மேல்மூடி, அந்த ஹெட்டைக் கழட்டினன். போல்டோட சேர்ந்து துளைக்குள்ள இருந்த மரையும் வெள்ளைச் சுருளாக் கழண்டு வந்திட்டுது. ஐயோ அத்தான்! அளவுக்கு மிஞ்சி இறுக்கினதெண்டு பாத்த உடனே விளங்கிட்டுது.

காலம் முழுக்கத் துறைமுகத்தில வள்ளங்களின்ர இரும்பு எஞ்சின் இறுக்கின கை உங்கட கை. போல்ட் இறுக்கிற அளவு சரிவந்தா 'டிக்' எண்டுற சாவியை ஆசையா வாங்கினதும் நீங்கள்தான். டிக் எண்ட பிறகு, "அது கம்பெனிக்காரன்ர கணக்கு, இது என்ர கணக்கு" எண்டு இன்னும் ஒரு இழுவை இழுத்ததும் நீங்கள்தான். இரும்பு தாங்கும். வேகத்துக்கெண்டு செய்த இந்த அலுமினிய எஞ்சின் புளொக் தாங்குமோ? எத்தினை தரம் சொன்னனான்! "போடா, நடுக்கடலில எஞ்சின் கழண்டா உந்தச் சாவியே வந்து பிடிக்கும்?" எண்டு சிரிச்சனீங்கள். காருக்கு ஏது நடுக்கடல்?

ஒவ்வொரு துளையாப் பெருப்பிச்சு, புது மரை வெட்டி, உருக்குக் கம்பிச் சுருள் இறக்கினன். உங்களைத் திட்டித் திட்டித்தான் செய்தனான். திட்டினா மறுமொழி வரேல்லை. அதுதான் பெரிய களைப்பு.

திவசம் முடிஞ்சு, சாப்பிட்ட ஆக்கள் போனாப் பிறகு ஸ்டார்ட் பண்ணினன். ரெண்டு தரம் இருமிச்சுது, பிறகு பிடிச்சுக்கொண்டுது. அக்கா குசினியில சட்டி கழுவிக்கொண்டு நிண்டவ. சவுக்கார நுரையோட வந்து இடப்பக்கக் கதிரையில ஏறி இருந்திட்டா. "ஓடு" எண்டா.

துறைமுக ரோட்டில குழறி அழுதா, அத்தான். நான் திரும்பிப் பாக்கேல்லை. பாத்திருந்தா நானும் அழுதிருப்பன். சூடு காட்டுற முள்ளையே பாத்துக்கொண்டு ஓடினனான். முள் நடுவில நிண்டது, அசையேல்லை.

வீட்டை வந்தாப் பிறகு மூக்கைத் துடைச்சுப்போட்டு, "இந்தச் சத்தத்துக்கோ மனிசன் என்னை விட்டிட்டு நெடுகலும் கொட்டிலுக்க கிடந்தவர்?" எண்டா. இறங்கேல்லை. கொஞ்சம் கழிச்சு, "நாளைக்கும் ஒருக்காப் போவமே?" எண்டா.

கொழும்புக்காரனுக்கு இன்னும் பதில் சொல்லேல்லை. அக்கா என்ன சொல்லுவாவோ தெரியாது. வித்தாலும் எஞ்சினோடதான் குடுப்பன், அது சத்தியம்.

இன்னொண்டு. கடைசிப் போல்ட் டிக் எண்டேக்க, என்ர கையும் இன்னும் ஒரு இழுவைக்குப் போனது. உங்களிட்டப் பழகின கையெல்லே. பிடிச்சு நிப்பாட்டினனான். இனியும் நிப்பாட்டுவன்.

கோவம் ஆறாத,
உங்கட மச்சான்.