படம் ஏன் நின்றுபோகிறது

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாக இருப்பதாகச் சொல்கிறாய், அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். மருமகளையும் விசாரித்ததாகச் சொல் என்று வழக்கம்போல எழுத வந்தேன், பேனா அங்கேயே நின்றுவிட்டது, ஏன் என்று பின்னால் வருகிறது. முகம் பார்த்தே பேசலாம் என்கிற காலத்தில் தாளையும் உறையையும் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று நீ சிரிக்கலாம். சிரி. கடிதம் பாதியில் நிற்காது, எழுதியதை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து, இவ்வளவு கிழவராகிட்டீங்களா என்றாள். இப்போது வீட்டில் ஒரு தூசி தப்புவதில்லை, சுவர் மூலையில் ஒட்டடை இருப்பதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே காட்டிக் கொடுக்கிறாள், ஏறித் துடைக்கிறவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் உன் அம்மா காலையிலேயே டேப்லெட்டைச் சார்ஜில் போட்டுவிட்டு, தலையை வாரிக்கொண்டு, விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்துவிடுவாள் என்பது உனக்குத் தெரியும். அவளுக்கு வாரம் என்பதே அந்த ஒரு அழைப்புதான். ஆனால் சில மாதங்களாகவே படம் சரியாக வருவதில்லை. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாய், திடீரென்று முகம் அப்படியே நிற்கும், பிறகு கட் ஆகும், பிறகு நெட் சரியில்லைப்பா என்று ஒரு வரி வரும். உன் அம்மா அந்தக் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். ஒரு காரியம் தவறுகிறது என்றால் எவனோ ஒருவன் எங்கேயோ டிக்கெட் இல்லாமல் ஏறியிருக்கிறான் என்றுதான் என் புத்தி போகும். முதல் சந்தேகம் மாடியில் புதிதாகக் குடிவந்த டியூஷன் வாத்தியார் மேல். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தேவைக்கு மேல் வணக்கம் வைக்கிறார். ஒரு தடவை வணக்கம் வைக்கிறவன் மரியாதைக்காரன், படியேறும்போது ஒன்று இறங்கும்போது ஒன்று என்று வைக்கிறவனிடம் ஏதோ இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் பாடம் நடத்துகிறார், அதுவும் நம் நெட்டில்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன், மறுபடியும் மாற்றினேன், கடைசியில் வைத்தது என்னவென்று எனக்கே மறந்து, உன் அம்மாவின் டேப்லெட்டும் வெளியே நின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள், நான் காதில் வாங்கவில்லை.

அதோடு விட்டேனா. வைஃபை பெட்டிக்குப் பின்னால் எல்லா விவரமும் ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டியிருக்கிறதே, வருகிறவன் போகிறவன் எவனாவது போனில் படம் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று யோசித்து, இரும்பு பீரோவின் முதுகில் ஒரு ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே விட்டு, பெட்டியை மேல் தட்டில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்றிலிருந்து ஹாலில் கொஞ்சம் வந்துகொண்டிருந்ததும் வரவில்லை. பார்த்தாயா, திருடன் உஷாராகிவிட்டான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நெட் கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன், அவர்கள் லைன்மேனை அனுப்பினார்கள். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய காலத்துச் சுவர் சார், சிக்னல் தாண்டாது என்றார். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம், அந்தக் கதை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில், சரி பெட்டி எங்கே என்று கேட்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்து காட்டினேன். அந்த மனுஷனுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை, நகையை உள்ள வச்சுப் பூட்டுங்க சார், இதைப் பூட்டுனா சிக்னல் எப்படி வெளிய வரும், சுத்தியும் இரும்பு இல்ல என்றார். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போதாக்குறைக்கு மாடி வாத்தியாருக்குத் தனி லைன் இருக்கிறது, அதை இழுத்துக் கொடுத்ததே தான்தான் என்று அந்த லைன்மேனே சொன்னார். வாத்தியாருக்கு இப்போது நானே முதலில் வணக்கம் வைக்கிறேன், அவர் ஏன் இப்படிப் பயந்த மாதிரி பார்க்கிறார் என்று தெரியவில்லை.

பெட்டியை எடுத்து ஹாலில் உயரமான அலமாரியில் வைத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ பாதியில் நின்றாய். அப்போதுதான் உன் அம்மா, பெட்டி பழசு, மாத்துங்க, காசைப் பார்க்காதீங்க என்று பிடித்துக்கொண்டாள். ஒரு டம்ளர் உடைந்தால்கூடப் புதுசு வாங்க யோசிக்கிறவள் இப்படிச் சொன்னதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஆனால் அதைத் துருவிப் பார்க்காமல் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. எட்டுக் கொம்பு வைத்த ஒரு பெட்டியை எடுத்துக் காட்டி, இதை வச்சா தெருவே பாக்கலாம் சார் என்கிறார். தெரு ஏன் பார்க்க வேண்டும், அதைத்தானே நான் தடுத்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி நமக்கு விடுகிற வேகம் இவ்வளவுதான், இந்தப் பெட்டி அதைக் கூட்டித் தருமா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். குழாயில் வருகிற தண்ணீர் வருகிறதுதான், அண்டா பெரிசாக இருந்தால் கூடுதலாக வந்துவிடாது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பேசாமல் திரும்பி வந்து, லைன்மேனுக்குப் போன் செய்து, அவர் சொல்வதும் கடைக்காரர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, மறுபடியும் போனேன். இரண்டு அலையில் வேலை செய்கிற நடுத்தரப் பெட்டி ஒன்று போதுமாம். ஒரு அலை தூரம் போகும், வேகம் குறைச்சல். இன்னொன்று வேகம், ஆனால் சுவரைக் கண்டால் மூச்சு வாங்கும். படுக்கையறை ஹாலிலிருந்து தள்ளி இருப்பதால், அங்கே சிக்னலை வாங்கிக் கொடுக்க ஒரு குட்டிப் பெட்டியும் சேர்த்து வாங்கினேன். முதலில் எடுத்துக் கொடுத்த அட்டைப்பெட்டியில் சீல் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததாக இருக்கும் என்று சொல்லி வேறொன்று கேட்டு வாங்கினேன். நீயும் எதை வாங்கினாலும் சீலைப் பார்த்து வாங்கு, கடைக்காரன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மாட்டி முடித்ததும் சோதனை போட்டேன். உன் அத்தை நம்மைவிட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள், அவளைக் கூப்பிட்டேன். நாத்தனாரும் உன் அம்மாவும் வாய் ஓய்கிறவரைக்கும் பேசினார்கள், படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, அத்தையின் பல்செட் ஆடுவதுகூடத் தெரிந்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். நன்றாகத்தான் பேசினாய், அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்டாய், என்னைக் கிண்டல் செய்தாய். அப்போது அம்மா, மருமகளைக் கொஞ்சம் கூப்பிடேன், முகம் பார்த்து எவ்வளவு நாளாச்சு என்றாள். படம் நின்றது. வாய் பாதி திறந்தபடி, கண் ஒரே இடத்தில், சிலை மாதிரி இருந்தாய். புதுப் பெட்டியிலுமா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரர் மேசையில் வைக்கிறேன் என்று எழுந்தே விட்டேன். எழுந்தவன் திரையை இன்னொரு தடவை பார்த்தேன். உனக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனதும் கேட்டது. நீ மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாய்.

தம்பி, தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். என் வேலையில் நான் அதிகம் பார்த்தது அந்த இரண்டாவது வகையைத்தான். டிக்கெட் இல்லாதவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடப்பான், இமை மட்டும் துடிக்கும். உனக்கும் இமை துடித்தது. ஊரில் உள்ளவனையெல்லாம் சந்தேகப்பட்டேன், வாத்தியாரை, லைன்மேனை, கடைக்காரரை, சுவரைக்கூட. நீதான் நிறுத்துகிறாய் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அன்று எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. பிள்ளை அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றால் அங்கே என்ன நடந்திருக்கிறதோ.

அழைப்பு கட் ஆனதும், உன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டாள் என்று நினைத்து, பெட்டியில் ஏதோ கோளாறு, மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று ஒயரைப் பிடுங்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள். பெட்டியில ஒண்ணும் இல்லைங்க, விடுங்க, கண்ணைத் திறந்த வாரமே நான் பாத்துட்டேன் என்றாள். அவன் உட்காந்திருக்கிறது அவங்க வீடே இல்லை, சுவரு வேற, அது ஒருத்தர் படுக்கிற கட்டில், ஒரே தலகாணிதான் கிடக்கு, அவளைக் கேட்டா குளிக்கிறாங்கிறான், தூங்குறாங்கிறான், கடைக்குப் போயிருக்காங்கிறான், ஒரு மனுஷி எத்தனை தடவைதான் குளிப்பா என்றாள். பிறகு எதற்காகப் பெட்டியை மாற்றச் சொன்னாய் என்று கேட்டேன். நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னா நெட்டு மேல பழி போட முடியாதில்ல, அப்பவாவது வாயைத் திறந்து சொல்லுவான்னு நெனச்சேன் என்றாள். இத்தனை வருஷம் ஊரை உளவு பார்த்தவன் நான், பக்கத்தில் இருந்தவள் மனதில் இதை வைத்துக்கொண்டு தலை வாரி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நேராகவே எழுதுகிறேன். நீயும் மருமகளும் ஒரே வீட்டில் இல்லை என்றுதான் நாங்கள் இருவரும் நினைக்கிறோம். தப்பாக இருந்தால் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சரியாக இருந்தால் யார் மேல் தப்பு என்று நான் கேட்கப்போவதில்லை, அவளைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசவும் மாட்டோம், அவளும் இந்த வீட்டில் எங்களை அப்பா அம்மா என்று கூப்பிட்டவள். நீ ஒற்றைக் கட்டிலில் தனியாகப் படுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நாள் எங்களுக்காகச் சட்டை மாற்றிச் சிரித்துவிட்டுப் போகிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்களுக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்று நினைத்திருப்பாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை உனக்கு வேண்டாம், அந்தத் திறமை நம் வம்சத்திலேயே கிடையாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, சாப்பிட்டேன் என்று எங்களிடம் சொல்வதற்காக இல்லை, நிஜமாகவே சாப்பிடு. அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம், உனக்கு ஒரு குறையும் வராது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. அம்மா எதுவும் கேட்கமாட்டாள், எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். பேசத் தோன்றினால் பேசு. அழுகை வந்தால் அழு, சிலை மாதிரி உட்காராதே. நீ அழுது முடிக்கிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கம் பேசாமல் உட்கார்ந்திருப்போம், போனை மட்டும் நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா