மங்கும் மூன்று முடிச்சும்

மே 6, புதன்

கத்திரி ஆரம்பித்தாயிற்று. ஒன்பது மணிக்கே மைதானத்தில் நிற்க முடியவில்லை. கோ-கோ முகாம் இன்னும் ஒரு வாரம். மாமல்லபுரத்தில் கடல் பக்கம்தான், ஆனால் காற்று பதினொன்றுக்கு மேல்தான் வரும்.

இரண்டு கன்னமும் எரிச்சல். மிளகாய் அரைத்த கையால் தொட்ட மாதிரி. பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை துப்பட்டாவை நனைத்து வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் கண்ணாடி பார்த்தால் கருந்திட்டாக மங்கு இருந்த இடமெல்லாம் சிவப்பு. மூக்கோரம் மெல்லிய நரம்புகூடத் தெரிகிறது.

பொங்கலுக்குப் பிறகு மங்குக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய டியூப். முதல் மாதம் முகம் பளிச். "மிஸ், இன்னா போடுறீங்க, எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்று ஸ்டாஃப் ரூமே கேட்டது. பெருமையாகத்தான் இருந்தது. இரவில் மட்டும் போடச் சொன்னார்கள். காலையிலும் போட்டால் வெயில் தாக்காது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்கு மேல் பவுடர். பி.டி. மிஸ்ஸின் மூளை.

தம்பி கல்யாணம் 24. ரவிக்கை வாங்க வேண்டும். தாம்பாளம் இரண்டு. பூக்காரம்மாவிடம் சொல்ல.

மே 8, வெள்ளி

புழுக்கம். செங்கல்பட்டில் தோல் டாக்டர். டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார்:

"இத யாரு எழுதிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்ல மேடம். கடையில கேட்டேன்."

"இது ஸ்டீராய்டும்மா. வெயிலுக்குப் போடுறது இல்ல. இதப் போட்டுத் தோல் மெலிஞ்சு போச்சு. மெலிஞ்ச தோலோட போயி வெயில்ல நின்னுருக்கீங்க."

நிறுத்தினால் இன்னும் சிவக்கும், எரியும், பிறகுதான் அடங்கும் என்றார். எத்தனை நாளில் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறுமாம். கல்யாணம் இருக்கிறது என்றேன். "கல்யாணம் உங்களுக்கா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொன்னவை: சன்ஸ்க்ரீன், இரண்டு விரல் நீளம், கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்து. வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு தடவை. வியர்த்தால் மறுபடியும். அகலமான தொப்பி, முழுக்கை. பத்து முதல் நாலு வரை நிழல். மேக்கப் கூடாது.

மே 11, திங்கள்

முகம் வீக்கம். தோல் உரிகிறது. சோப்பு, தண்ணீர், தலையணை உறை, எது பட்டாலும் எரிகிறது.

முகாமை ஆறரைக்கு மாற்றிவிட்டேன். ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். தொப்பி, முழுக்கை, துப்பட்டா சகிதம் நின்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "மிஸ், திருடப் போறவங்க மாதிரி கீறீங்க!" ஓடுங்கடி என்று விசில் அடித்தேன். அவர்களுக்கும் தொப்பி கட்டாயம் என்றதும் சிரிப்பு நின்றது.

அம்மா வந்தாள். வாசலிலேயே ஆரம்பம். "இன்னாடி இது, மூஞ்சி இப்புடி கீது? நல்லாத்தானே இருந்துது. அந்த டாக்டருகிட்ட யாரு உன்னப் போவச் சொன்னா?"

மே 16, சனி

கொஞ்சம்கூடக் குறையவில்லை. டிபனுக்குப் பிறகு அம்மா போன் செய்தாள். சுற்றி வளைத்து, மண்டபம், ஐயர், பால்காரன் எல்லாம் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"ரெண்டு முடிச்சையும் வனிதா போடட்டும்னு பாக்குறேன். அவளும் உன் தம்பிக்கு அக்காதானே."

வனிதா சித்தி மகள். நல்லவள்தான். ஆனால் தம்பிக்குக் கூடப் பிறந்த அக்கா நான் ஒருத்தி. அவன் தாலியில் முதல் முடிச்சு போட்டால் மற்ற இரண்டும் நாத்தனார் நான் போட வேண்டியது. என் கல்யாணத்திலிருந்தே இதைச் சொல்லிச் சொல்லி அவனை வம்புக்கு இழுத்திருக்கிறேன்.

"வீடியோக்காரன் மூஞ்சி பக்கத்துலயே வந்து எடுப்பான்டி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டேன். அழுதேன். உப்புத் தண்ணீர் பட்டு அதுவும் எரிந்தது.

மே 20, புதன்

மத்தியானம். வீட்டில் யாருமில்லை. டியூப் பிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று எனக்கே தெரியும்.

நாலு நாள் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும். கல்யாணம் முடிந்ததும் நிறுத்திவிடலாம். மூடியைத் திறந்து விரல் நுனியில் எடுத்தும்விட்டேன். இத்தனை நாள் எரிந்ததெல்லாம் வீணா? கை கழுவினேன். மீதியைப் பிதுக்கிச் சாக்கடையில் விட்டேன். உடனே அதற்கும் வருத்தம்.

தம்பிக்கு போன். "முடிச்சு நான்தான் போடுவேன். மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

"உன்ன யாருக்கா வேணான்னா?" என்றான். அம்மாவின் யோசனை அவனுக்குத் தெரியாது போல.

மே 24, ஞாயிறு

வெயில். ஆறரை-ஏழரை முகூர்த்தம். மேக்கப் இல்லை. சன்ஸ்க்ரீன், பொட்டு, அவ்வளவுதான். மண்டபத்தில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கற்றாழை. தயிர். ஒரு மாமி, "அம்மை போட்டுக்கீதா?" என்று நாலடி தள்ளி நின்று கேட்டாள்.

அம்மா வனிதாவை மேடையிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். கெட்டிமேளம் என்றதும் நான் ஏறிப் போய்ப் பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வனிதாவே விலகி வழிவிட்டாள். இரண்டு முடிச்சு. விளக்கு வெளிச்சம் முகத்தில் நெருப்பாக விழுந்தது. சிரித்தேன்.

சாப்பாட்டுக்கு முன் பெண்ணுக்குப் புடவை மாற்ற உதவ அறைக்குப் போனேன். கோகிலா, அச்சரப்பாக்கம் பெண். இதுவரை நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை. மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். ஈரத் துணியால் மேக்கப்பைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அடியில் சிவப்பு. கன்னம் இரண்டிலும், மூக்கோரமும்.

"நிச்சயத்துலேர்ந்து ஒரு கிரீம் போட்டுகினு கீறேன் அண்ணி. கடையில கொடுத்தாங்க. வெயில் பட்டா எரியுது. உங்களப் பாத்ததுமே இதேதான்னு தெரிஞ்சுது. உங்களுக்கு எரிச்சல் எப்ப நின்னுது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னும் நிக்கலம்மா."