சக்கரம் வெளியே இருந்தது

ஜூன் 18, செவ்வாய்

உறுதியான தகவல்: சனிக்கிழமை ஏரியில் இறங்க வந்தபோது எங்கள் விமானத்தின் சக்கரங்கள் வெளியே இருந்தன. ஆதாரம்: நண்பர் மெர்ல் ஹோகன்சன் கரையிலிருந்து எடுத்த புகைப்படம், காலை 10.42. இன்று தபாலில் வந்தது. பின்புறம் பென்சிலில் எழுதியிருக்கிறார்: "ரெண்டு பேரும் உயிரோட இருக்கறதுல சந்தோஷம்."

தண்ணீருக்கு மேல் பத்தடி. மூன்று சக்கரங்களும் தெரிகின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் - வேறு ஏதாவது தெரிந்துவிடாதா என்று.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எங்கள் விமானச் சங்கத்தின் வருடக் கூடல், முதல் நாள். ஊர் ஓடுபாதையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஏரிக்குப் பன்னிரண்டு நிமிடம். ஆரஞ்சு மிதவைக்கு மிக அருகில் இறங்குபவருக்குப் பரிசு. போன வருடம் நாங்கள் ஜெயித்தோம், ஒரு பெட்டி புகை போட்ட மீன்.

தரையிலும் தண்ணீரிலும் இறங்கும் விமானம் எங்களுடையது; சக்கரத்தோடு தண்ணீரைத் தொட்டால் தலைகுப்புறக் கவிழும். அதனால்தான் இறங்கும் முன் சக்கரம் எங்கே என்று வாய்விட்டுச் சொல்வது. சக்கர விளக்கைப் பார்த்துச் சொன்னேன்: "தண்ணீர். சக்கரம் உள்ளே. நீலம்."

வலது இருக்கையில் ஐலி அக்கா. அவள் விளக்கைப் பார்ப்பதில்லை. இறக்கையடியில் நாங்கள் பொருத்திய சின்னக் கண்ணாடியில் சக்கரத்தையே பார்ப்பாள்.

"டேய்! வெளிய இருக்குடா! மேல போ, மேல போ!"

மேலே இழுத்தேன். அதே நொடி அவள் சக்கரக் கைப்பிடியைத் தள்ளினாள். பிறகு பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அவள் தள்ளியதால் உள்ளே போனதா, முன்பே உள்ளேதான் இருந்ததா? அன்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நீலத்தைப் பார்த்தவன் நான்.

ஞாயிறன்று சங்கத்தின் சுற்றுக்கடிதத்துக்கு எங்களைப் பற்றி நானே செய்தி எழுதி அனுப்பினேன். நாற்பது வருட நிருபர் அல்லவா, அந்த வேலை எப்போதும் எனக்குத்தான். "உடன் வந்தவர் தவறாகப் பார்த்துக் கத்தியதால் வெர்ன் டுவோமெலா இறங்காமல் மேலேறினார்." இருநூற்றுப் பத்துப் பேருக்கு அன்றே போய்விட்டது.

உடன் வந்தவர். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஒன்பது வருடம் தன் கராஜில் வைத்துச் சேர்த்தவள். இரண்டு இறக்கையும் அவள் ஒட்டியது.

ஜூன் 19

அக்கா போனை எடுக்கவில்லை.

ஜூன் 20

அப்படியானால் விளக்குதான் பொய் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே விளக்கு, இரண்டு நிறம்: சக்கரம் வெளியே என்றால் பச்சை, உள்ளே என்றால் நீலம். இடம் மிச்சமாகும் என்று அப்படி அமைத்தது என் யோசனை. விமானத்தை ஜாக்கியில் தூக்கி, கம்பிகளில் மீட்டர் வைத்து, இருபத்தைந்து தடவை சக்கரத்தை ஏற்றி இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் மின்சாரம் சரியான கம்பியில்தான் போகிறது.

விளக்கில் தவறில்லை. பிறகு எதில்?

ஜூன் 22, சனி

அக்கா விமானக் கொட்டகைக்கு வந்தாள்.

"என் டிரில்லை எடுத்துட்டுப் போக வந்தேன். உன்னைப் பாக்க இல்ல."

புகைப்படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"மெர்ல் நல்லாத்தான் எடுத்திருக்கான். நான் வாயைத் தொறந்து கத்தறதுகூடத் தெரியுது."

"அக்கா, விளக்கு சரியா இருக்கு. மீட்டர் வச்சுப் பாத்தேன்."

"மீட்டரை நம்புவ. என்னை நம்பமாட்ட."

அவள் சக்கரக் கைப்பிடி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். என்னை இடது இருக்கையில் உட்காரவைத்து, துண்டுக்கடியில் கைவிட்டாள். சக்கரம் ஓடும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"என்ன கலரு?"

"நீலம்."

"இப்ப?"

"பச்சை."

இருபது தடவை. உள்ளங்கையில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

"பதினொண்ணு சரி. காசு சுண்டிப் போட்டிருந்தா பத்து வந்திருக்கும். சரி, என் சட்டை என்ன கலருடா?"

"பச்சை."

"நீலம். கிறிஸ்மஸுக்கு நீ வாங்கிக் குடுத்தது."

டிரில்லை எடுக்காமலே போனாள்.

எனக்கு அந்த விளக்கில் ஒரே நிறம்தான் தெரிகிறது. எத்தனை மாதமாக என்று தெரியவில்லை. அதைப் பார்த்து, இருக்க வேண்டிய நிறத்தைச் சொல்லிவந்திருக்கிறேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய ஒரு பையனை ஒருமுறை வேலையை விட்டு அனுப்பச் சொன்னவன் நான். அவனாவது தெரிந்து செய்தான்.

ஜூன் 26

டுலூத் நகரில் கண் மருத்துவர். இரண்டு கண்ணிலும் புரை. லென்ஸ் மஞ்சளாகிவிட்டது, நீலம்தான் முதலில் போகுமாம். வலது கண்ணுக்கு அறுவை ஜூலை 9. இடதுக்கு ஆகஸ்ட் 6. அதுவரை ஓட்டக் கூடாது.

ஜூலை 21 விஸ்கான்சின் விமானக் கண்காட்சிக்குக் கிளம்ப வேண்டிய நாள். வீட்டில் கட்டிய நீர்விமானங்களின் வரிசையில் எங்களுக்கும் இடம் என்று மார்ச்சில் கடிதம் வந்தது. அக்கா அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

அவளிடம் தரையில் இறங்கும் லைசென்ஸ் இருக்கிறது. தண்ணீருக்கு இல்லை. ஒவ்வொரு வருடமும் கேட்பாள். "நீ கண்ணாடியைப் பாத்தா போதும்" என்பேன்.

ஜூன் 27

நானே போய்க் கேட்டேன்: "பரீட்சை எழுதறியா அக்கா?"

"ஆறு வருஷமா எழுதறேன்னுதானே சொல்லிட்டிருக்கேன்? உனக்கு இப்பத்தான் காது கேக்குதா? காதையும் அந்த டாக்டர்கிட்ட காமிச்சிருக்கலாம்."

ஒன்று மட்டும் கேட்டாள்: சுற்றுக்கடிதத்தில் வந்ததைச் சுற்றுக்கடிதத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

ஜூன் 28

எட்டு தடவை எழுதிக் கிழித்தேன். சாக்கு சொல்லாத திருத்தம் எழுதுவது இத்தனை கஷ்டமா? அனுப்பியது:

"திருத்தம். ஜூன் 15 அன்று சக்கரங்கள் வெளியே இருந்தன. அதைச் சரியாகப் பார்த்தவர் ஐலி டுவோமெலா. தவறாகப் பார்த்தவரும், தவறாக எழுதியவரும் வெர்ன் டுவோமெலா."

புரையைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் அது சாக்கு.

ஜூலை 1

அக்கா போன் செய்தாள். "நாப்பது வருஷம் பேப்பர்ல எழுதின. என் பேரை இப்பத்தான் போட்டிருக்க."

"சரியா எழுதியிருக்கேனா?"

"எழுத்துப்பிழை இல்ல." வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப அடித்தாள். "சாயங்காலம் வா. மீன் வறுக்கறேன்."

ஜூலை 10, புதன்

காலையில் கட்டைப் பிரித்தார்கள். வலது கண்ணை மூடினேன், ஏரி பழுப்புப் பச்சை. இடதை மூடினேன் - இவ்வளவு நீலமா?

மெர்லோடு கரையில் உட்கார்ந்து அக்காவின் பயிற்சியைப் பார்த்தேன். பக்கத்தில் ஆசிரியர். ஆறு தடவை இறங்கினாள். ஆறு தடவையும் சக்கரம் உள்ளே. என் கண்ணால் பார்த்தேன், மெர்லின் கேமராவிலும் பார்த்துக்கொண்டேன். அவள் போட்டிருந்தது அந்தச் சட்டை.

பரீட்சை வியாழன், 18ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு. முடிவு மதியத்துக்குள் தெரியும். தேறினால் 21 கிளம்புகிறோம், இடது இருக்கை அவளுக்கு.

இறக்கையடிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வலது இருக்கையில் என் உயரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறேன்.