பெர்லின் வழியாக வேண்டாம்

ஏப்ரல் 16, வியாழன்

ஜேர்மனியின் வடகரையில், லூபெக்கில் தொடங்கி ரூகன் தீவு வரை, கடலை ஒட்டியே காரில் போகலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். விஸ்மாரில் ஓர் இரவு. பிறகு கடலோரக் காடுகள், சின்னச் சின்ன மீன்பிடி ஊர்கள். பிராங்பேர்ட்டில் இருக்கும் அக்காவுக்குப் போனில் அதைச் சொன்னதுதான் பிழை.

"அங்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அக்கா. ஹோட்டலில நிக்கப் போறன்."

"விசரே உனக்கு? பெர்லினில சித்தப்பான்ர மகன் இருக்கிறான். அங்க போய் நில். ஒருத்தரும் இல்லாத இடத்தில போய் என்ன செய்யப் போறாய்?"

ஓம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இந்த நாட்டில் நாங்கள் போன பயணமெல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்குத்தான். மடியில் பலகாரப் பெட்டியோடு என் மனைவி கமலா பக்கத்தில் இருப்பாள்.

போன் வரைபடத்தில் பெர்லினைச் சேர்த்துப் பார்த்தேன். கோடு உடனே கடலை விட்டு விலகி ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டது. அழித்துவிட்டேன்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இப்போதுதான் வருகிறது. கமலா இறந்த பிறகு இந்த வீட்டில் மட்டும் யார் இருக்கிறார்கள்? இங்கே செய்வதைத்தான் அங்கேயும் செய்வேன்.

அங்கே கடலாவது இருக்கும்.