நலம் விசாரிக்காத கடிதம்

மொன்றியல்

அன்பு மகள் பிரஷாந்தினிக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். உன் சுகத்தைக் கேட்கக் கை துடிக்கிறது, ஆனால் இந்த முறை கேட்க மாட்டேன். கோபிக்காதே, காரணம் இருக்கிறது.

கோடையில் நீ எட்மன்ரனில் அப்பெண்டிக்ஸ் ஒப்பரேசன் செய்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை, நீ வீடு திரும்பிய பிறகுதான் தம்பி கஜீவன் வாய் உளறிச் சொன்னான். அம்மாவுக்குச் சொல்லாதை, பிறகு அவவையும் நான்தான் பாக்கவேணும் என்று நீ அவனிடம் சொன்னாயாம். நெஞ்சில் தைத்துவிட்டது. என் பயத்துக்குப் பயந்து என் பிள்ளை தன் நோவை ஒளிக்கிறாள் என்றால் நான் என்ன தாய்? அதனால்தான் கிளினிக்கில் மனநல ஆலோசனை சொல்லும் சஜிதா என்ற பிள்ளையிடம் போகத் தொடங்கினேன். உன் வயதுதான் இருக்கும். மருந்துக் குளிசை தருவாள் என்று போனால் வீட்டுப்பாடம் தந்தாள். பயம் வந்த உடனை மகளுக்குப் போன் எடுக்கிறீங்கள், அவ சுகம் எண்டதும் அடங்குது, நாளைக்கு இன்னும் பெரிசா வருது, ஒருக்கா எடுக்காமல் இருந்து பாருங்கோ என்றாள். பெற்ற வயிறு பற்றி எரியும்போது பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வைத்தியமா என்று அப்பாவிடம் புறுபுறுத்தேன். இஞ்சரும், உம்மாலைதான் அந்தப் போன் கொம்பனியே பிழைக்குது என்று அவர் பகிடி பண்ணினார்.

போன செவ்வாய்க்கிழமை எட்மன்ரனில் பனிப்புயல், வீதியெல்லாம் கார்கள் மோதிக் கிடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நீ வேலை முடிந்து கார் ஓட்டிவரும் நேரம். கை தானாகப் போனுக்குப் போனது, எடுக்கவில்லை. சஜிதா சொன்னபடி குசினிக் கதிரையில் இருந்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, மூச்சை மெதுவாக நீட்டி விட்டேன். இது பயம், செய்தி இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். நெஞ்சு அடித்தது, கை குளிர்ந்தது, நல்லூர் முருகனுக்கு நேர்த்தி வைக்க வாயெடுத்தேன், அதையும் அடக்கிக்கொண்டேன். அப்பா ஜான்-டலோன் சந்தையில் வாங்கிவந்த கத்தரிக்காய் பாதி வெட்டினபடி கிடந்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பிள்ளை, அந்தப் பயம் ஏறி ஏறி உச்சிக்குப் போய், பிறகு தானாகவே இறங்கியது! அழுது களைத்த குழந்தை மாதிரி அடங்கிப்போனது. நீ சுகமா என்று எனக்குத் தெரியாது, நான் ஒன்றும் செய்யவும் இல்லை, ஆனாலும் இறங்கியது. இந்த உடம்புக்குள் இப்படி ஒரு அதிசயம் இருப்பதை இந்த வயதில்தான் கண்டேன், அப்படியே மலைத்துப்போய் இருந்துவிட்டேன். அடுத்த நாள் நீ வட்ஸ்அப்பில் உன் வீட்டுப் பூனையின் படம் போட்டிருந்தாய். நான் காவல் இருக்காமலே நீ வீடு போய்ச் சேர்ந்திருக்கிறாய். என் பயம்தான் உன்னைக் காப்பாற்றுகிறது என்றல்லவா இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.

எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதே. வியாழக்கிழமை தோற்றுப்போனேன், உனக்குத் தெரியும், நீ மீட்டிங்கில் இருக்கும்போது விடாமல் போன் எடுத்தது நான்தான். அதுக்கென்ன, திரும்பச் செய்வம் என்றாள் சஜிதா.

முருகன் துணையிருப்பான், நீ நன்றாக வாழவேண்டும். குளிருக்குத் தொப்பி போடு, இதைச் சொல்வதற்கு மட்டும் சஜிதாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். கடிதம் கிடைத்ததும், நான் சுகம் அம்மா என்று போன் எடுக்காதே. சுகமில்லாத நாளில் எடு. தம்பிக்கு முதல் எனக்குச் சொல். நான் கதிரையில் இருந்து கேட்பேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ஞானாம்பிகை