மஞ்சள் துணி

மச்சான்,

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். போனில் சொன்னால் நிற்காது. இதை உன் கதவில் ஒட்டி வை.

போன ஞாயிறு காப்பார் ஊர்ச் சதுப்புக்காட்டில் கொக்கு பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஆறு பிரியும் இடத்தில், "படகு கட்டுற ஜெட்டி எந்தப் பக்கம்லா?" என்று மூன்று தடவை கேட்டாய். நாற்பது வருஷமாக நீ துடுப்பு போடும் ஆறு. "எனக்கும்தான் மறந்துபோச்சு, வலது பக்கம் போய்ப் பார்ப்போம்" என்று சிரித்தேன்.

இப்போது நீ தனியாகப் படகெடுத்துப் போகிறாயாம். தங்கச்சி போன் பண்ணி அழுதது.

எனக்குத்தான் வழி பிடிபடுவதில்லை, மச்சான். அதனால் நேற்று போய், ஒரு பிரிவு விடாமல், ஜெட்டிப் பக்கக் கிளையில் மஞ்சள் துணி கட்டிவிட்டு வந்தேன். அது எனக்காக. அவிழ்த்துவிடாதே. நான் வராமல் படகில் ஏறாதே. நீ இல்லாமல் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
படகில் உன் எதிரே உட்காருபவன்