டாக்டரோட அம்பதுக்கு ஒங்காத்தா இருந்த விரதம்

கோச்சடை,
செவ்வாக்கெழம.

அன்பு மகன் சிவபாண்டிக்கு ஒங்கப்பன் எழுதுறது. இங்க நானும் ஒங்காத்தாளும் சண்டைக்குக் கொறைவில்லாம சொகமா இருக்கோம், நீயும் மஸ்கட்டுல வேளாவேளைக்குத் தின்னு தெம்பா இருக்கணும். போன்ல சொன்னா ஒங்காத்தா புடுங்கி அவளுக்கு ஏத்தாப்புல கதைய மாத்திருவா, அதான் பேப்பர எடுத்தேன்.

நம்ம ஞானசீலன் டாக்டரு இருக்காருல்ல, அவரு ஊசிய எடுத்தா நீ கட்டிலுக்கடியில போயி ஒளிவியே, அவருதான். படிக்கிற காலத்துல பெரிய கிரிக்கெட் டீமுக்குக் கூப்புட்டும் போகாம வைத்தியத்துக்கு வந்தவரு. அறுவது தாண்டியும் ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சா ஆத்தோரக் கெரவுண்டுக்கு மட்டையோட வந்துருவாரு. ஆனா பாவம், இதுவரைக்கும் ஒரு அம்பது அடிச்சதில்ல. நாப்பதத் தாண்டுனா எவனுக்காச்சும் வயித்துவலின்னு போனு வந்துரும், மனுசன் கெளம்பிருவாரு. இப்ப முட்டி தேஞ்சுபோச்சு, கப்பலூர்க்காரங்களோட ஆடுறதுதான் கடைசின்னுட்டாரு. இதக் கேட்டு ஒங்காத்தா என்ன பண்ணுனா தெரியுமா, டாக்டரு அம்பது அடிக்கிற வரைக்கும் ஒரு பருக்கை தொடமாட்டேன்னு பாண்டி கோயில் சாமிக்கு வேண்டிக்கிட்டா. சோத்த விட்டவ சக்கரை மாத்திரைய மட்டும் மறக்காமப் போட்டிருக்கா, பெரிய அறிவாளி.

அந்த ஆட்டத்துக்கு நான்தான் அம்பயரு. டாக்டரு நாப்பத்தேழு ரன்னு. சனமெல்லாம் எந்திரிச்சு நிக்கிது, ஒங்காத்தா மட்டும் சொத்துன்னு விழுந்துட்டா. பயப்படாதடா, இப்ப என்னய வஞ்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்கா. டாக்டரு மட்டையப் போட்டுட்டு, காலுல கட்டுன பேடோட ஓடியாந்து, வண்டியில இருந்த பையப் பிரிச்சு குளுக்கோஸ் ஊசி போட்டாரு. கண்ணத் தொறந்ததும் இவ, "ஒங்கள யாரு தம்பி ஓடியாரச் சொன்னது, போயி அடிங்க"ங்குறா. கப்பலூர் கேப்டன் ஜூடு தங்கமான பய, "அம்மாவப் பாத்துட்டு மெதுவா வாங்க சார், நாங்க இங்கனதான் இருப்போம்"னுட்டான்.

திரும்பி வந்து மொதப் பந்து, நேரா டாக்டரு காலுல பட்டுச்சு. காலு இல்லேன்னா நடு ஸ்டெம்பு பறந்திருக்கும். ஒங்காத்தா அங்கேருந்து மொறைக்கிறா, நான் அவுட்டுன்னு வெரலத் தூக்கிட்டேன். தூக்குன கையிக்கு ஒரு வாரம் காப்பி கெடையாதுன்னுட்டா. அதோட விட்டாளா, அம்பது அடிக்காம எப்புடி நிறுத்துவீங்கன்னு டாக்டருகிட்டயே சண்டைக்குப் போயிட்டா. அவரு சிரிச்சுக்கிட்டே, "சரிக்கா, இன்னும் ஒரு வருசம் ஆடுறேன், ஆனா நீங்க வயிறாரத் தின்னுட்டு வந்தாத்தான் மட்டையத் தொடுவேன்"னாரு. நீ சொல்லி நான் சொல்லிக் கேக்காதவ, பாண்டி கோயிலுக்கே போயி வேண்டுதல மாத்திட்டு வந்துட்டா. டாக்டரு அம்பது அடிக்கிற வரைக்கும் ஒரு வேளைச் சோத்தக்கூடத் தப்பவிட மாட்டாளாம்.

நீ நோய்நொடி இல்லாம, கை நெறைய, மனசு நெறைய இருக்கணும்னு சாமிய வேண்டிக்கிறேன், நான் விரதம் கிரதம் எல்லாம் இருக்கமாட்டேன். லீவுல வாரப்ப டாக்டரு முட்டிக்கு மாட்டுற ஒறை நல்லதா ஒண்ணு வாங்கியா, மறந்துறாத.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுல காப்பி குடிக்கும் ஒங்கப்பன்,
வெள்ளைத்துரை